மூடிய கதவு திறக்கும்

(எழுத்தறிவு மையக் கூட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று கதவைப் பற்றிப் பேசப் போகிறேன். கதவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது.

சாவி தொலைந்து வாசலில் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். பூட்டு ரிப்பேர் செய்பவரைக் கூப்பிட்டோம். திறந்து விட்டார். அதோடு கவலை தீர்ந்தது.

ஆனால் சாவி தொலையவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறார்கள். வேண்டும் என்றே உள்ளே தாழ்ப்பாள் போட்டு விட்டார்கள். அப்போது என்ன செய்வது?

நம் மையத்துக்கு வரும் ஒரு அக்காவுக்கு இப்படி நடந்தது. பெயர் வேண்டாம். "மற்றவர்களுக்கும் சொல்" என்று அவரே சொன்னார். அதனால் சொல்கிறேன்.

இரவு ஒன்பது மணி. அக்கா தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கதவு சாத்தி இருந்தது. தட்டினார். உள்ளே இருந்து கணவரின் குரல் கேட்டது. "வந்த வழியே போ. இது என் அம்மா வீடு. உனக்கு இங்கே இடம் இல்லை."

விடியும் வரை அக்கா திண்ணையிலேயே இருந்தார். குழந்தை பசியில் அழுதது. அக்கம் பக்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள். "வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. நாம் என்ன செய்ய முடியும்?" என்றார்கள். அக்காவும் அப்படித்தான் நம்பினார். உண்மையைச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போய்க் கேட்டோம். எங்கள் நினைப்பு தவறு என்று தெரிந்தது.

2005ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. குடும்ப வன்முறையில் இருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு என்ன சொல்கிறது?

குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கி இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. வீடு அவர் பெயரில் இல்லாவிட்டாலும் உண்டு. சட்டப்படி நடவடிக்கை எடுக்காமல் அவரை வெளியே தள்ள முடியாது. தாழ்ப்பாள் போடுவது சட்டப்படியான நடவடிக்கை அல்ல.

வாடகை வீடாக இருந்தால்? அப்போதும் உரிமை உண்டு. மாமியார், மாமனார் பெயரில் இருந்தால்? இதில் முன்பு குழப்பம் இருந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது. மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடு, மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் உரிமை கேட்கலாம் என்று சொன்னது.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் அல்ல. தாய்க்கும் உண்டு. சகோதரிக்கும் உண்டு. கணவனை இழந்த பெண்ணுக்கும் உண்டு.

சரி, கதவு மூடி இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

ஆத்திரத்தில் கதவை உடைக்காதீர்கள். அடிதடி வரும். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112க்குப் போன் செய்யுங்கள். போலீஸ் வரும். 181 என்பது பெண்களுக்கான உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தங்க இடம் இல்லையா? 'சகி' என்ற சேவை மையம் பல மாவட்டங்களில் இருக்கிறது. சில நாள் தங்க அங்கே இடம் தருவார்கள். குழந்தையையும் கூட்டிப் போகலாம்.

அடுத்து, பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். இந்தச் சட்டத்துக்காகவே அரசு அவரை நியமித்திருக்கிறது. நடந்ததைக் கேட்டு ஒரு படிவத்தில் எழுதுவார். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மனு போட உதவுவார். நீங்களே நேராகவும் மனு கொடுக்கலாம். மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். அவசரம் என்றால், முழு விசாரணை முடியும் முன்பே நீதிபதி இடைக்கால உத்தரவு போடலாம்.

சிலர் கல்யாணம் ஆகி வேறு மாநிலத்தில் இருப்பீர்கள். அங்கே மொழி தெரியாது. வெளியே தள்ளினால் அம்மா வீட்டுக்குத்தான் வருவீர்கள். பயம் வேண்டாம். நீங்கள் இப்போது தங்கி இருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். இந்தச் சட்டம் நாடு முழுவதுக்கும் ஒன்றுதான்.

வக்கீலுக்குப் பணம்? பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

நீதிபதி என்ன உத்தரவு போடலாம்? "இவரை வீட்டில் இருக்க விடு" என்று சொல்லலாம். "அதே வசதியில் வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகை கொடு" என்றும் சொல்லலாம். உங்கள் நகை, சீர்ப் பொருள்களைத் திருப்பித் தரச் சொல்லலாம். மாமனார், மாமியார் வயதானவர்கள் என்றால் அவர்கள் நிலைமையையும் பார்ப்பார். அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி உத்தரவு வராது. ஆனால் தெருவில் நிற்க வேண்டும் என்ற விதி யாருக்கும் இல்லை.

அந்த அக்காவுக்கு உத்தரவு கிடைத்தது. போலீஸ்காரர் கூட வந்தார். கதவு திறந்தது. மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இரவு குழந்தை தன் பாயில் படுத்துத் தூங்கியது.

அவருக்குக் கை கொடுத்தது என்ன தெரியுமா? ரேஷன் கார்டின் நகல். அதில் அவர் பெயரும் அந்த வீட்டு விலாசமும் இருந்தன. அவர் அந்த வீட்டில் வாழ்ந்ததை அது காட்டியது. ஆகவே ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டர் அட்டை, பாஸ் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்று, இவற்றுக்கு நகல் எடுங்கள். அம்மா வீட்டிலோ, நம்பிக்கையான தோழியிடமோ ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள். 112, 181, 15100 ஆகிய மூன்று எண்களையும் உங்கள் கையாலேயே நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்து விட்டதே!

இன்னும் ஒன்று. சமாதானம் பேச வருகிறவர்கள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். "நானாகவே வீட்டை விட்டுப் போனேன்" என்று அதில் எழுதி இருக்கலாம். படிக்க நேரம் கேளுங்கள். புரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.

அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் குழந்தையோடு நின்றால், "அவர்கள் குடும்ப விஷயம்" என்று விளக்கை அணைக்காதீர்கள். அவருக்காக நீங்களும் போன் செய்யலாம். பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் இந்தச் சட்டப்படி வழக்குப் போட முடியாது.

யார் பெயரில் பத்திரம் இருந்தாலும், வாழ்ந்த வீட்டில் பெண்ணுக்கு இடம் உண்டு. இதை இன்று இரண்டு பேருக்காவது சொல்லுங்கள்.