ருசி கண்ட கடல்சிங்கம்

குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நீர்நாய் ராத்திரியில வந்து மீனைத் தின்னுட்டுப் போகுது. அதைத் தொட்டா கேஸுங்கறீங்க. அப்போ என் மீனுக்கு யாருங்க பாதுகாப்பு?" நியாயமான கேள்விதான். இதே கேள்வியை அமெரிக்காவின் மேற்குக் கரையில் நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நீர்நாய்க்குப் பதில் கடல்சிங்கம். அவர்கள் ஓர் இடத்தில் தோற்றார்கள், இன்னோர் இடத்தில் ஜெயித்தார்கள். அந்த இரண்டு கதையையும் இன்று சொல்கிறேன்.

கடல்சிங்கம் என்பது கடலில் வாழ்ந்து, பாறையில் ஏறிப் படுத்து இளைப்பாறும் பிராணி. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். நன்றாக வளர்ந்த ஆண் 350 கிலோ வரை எடை இருக்கும். கலிபோர்னியாவின் தெற்கே உள்ள தீவுகளில் குட்டி போடுகிறது. பிறகு ஆண்கள் மட்டும் இரை தேடி வடக்கே போகும்.

ஒரு காலத்தில் எண்ணெய்க்காகவும் தோலுக்காகவும் இதை வேட்டையாடினார்கள். மீனைத் தின்கிறது என்று சுட்டுக் கொன்றவர்களும் உண்டு. எண்ணிக்கை குறையவே, 1972-ல் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம்ம நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972-ல்தான். சட்டம் நல்ல பலன் தந்தது. 1975-ல் சுமார் 89,000 ஆக இருந்த கலிபோர்னியக் கடல்சிங்கம், 2012-ல் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இனி மீனின் கதைக்கு வருவோம். சால்மன் என்றும் ஸ்டீல்ஹெட் என்றும் அங்கே மீன்கள் உண்டு. இவை ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வரும். வழியில் அணையோ அருவியோ குறுக்கிட்டால், பக்கத்தில் படிப்படியாகத் தொட்டி கட்டித் தண்ணீர் விட்டிருப்பார்கள். அதற்கு மீன் ஏணி என்று பெயர். மீன் ஒவ்வொரு படியாகத் துள்ளி மேலே ஏறிவிடும். ஆனால் ஏணியின் வாய் குறுகலானது. ஊரே ஒரே வாசல் வழியாக நுழைகிற மாதிரி மீன் அங்கே வந்து குவியும். அந்த வாசலில் ஒரு கடல்சிங்கம் காத்திருந்தால் என்ன ஆகும்? தேடி அலைய வேண்டியதே இல்லை.

முதல் கதை சியாட்டில் நகரத்தில் நடந்தது. அங்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் படகுப் போக்குவரத்துக்கான மதகும், அதை ஒட்டி ஒரு மீன் ஏணியும் உண்டு. 1980-களில் சில கடல்சிங்கங்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், செல்லமாகப் பெயரும் வைத்தார்கள். மீன் குறைகிறது என்று தெரிந்த பிறகுதான் விரட்டத் தொடங்கினார்கள். தண்ணீருக்குள் வெடி போட்டார்கள். பெரிய சத்தம் எழுப்பினார்கள். ரப்பர் முனை வைத்த அம்பு எய்தார்கள். குமட்டல் மருந்து வைத்த மீனைப் போட்டுப் பார்த்தார்கள். பிடித்துக்கொண்டு போய்த் தெற்குக் கலிபோர்னியாவில் விட்டார்கள். அவை ஒன்றரை மாதத்துக்குள் நீந்தித் திரும்பி வந்துவிட்டன! ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்று நம்ம பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

1994-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். மீனைத் தின்கிற குறிப்பிட்ட விலங்கை அடையாளம் காட்டி, ஆதாரம் கொடுத்தால், அதை மட்டும் அப்புறப்படுத்தலாம் என்று வந்தது. அந்த வருஷம் அந்த ஏணி வழியாகப் போன ஸ்டீல்ஹெட் சுமார் 70 மட்டுமே. 1996-ல் மூன்று கடல்சிங்கங்களைப் பிடித்துக் காட்சிசாலைக்கு அனுப்பினார்கள். ஆனால் காலம் கடந்துபோச்சு. அந்த மீன் கூட்டம் பிறகு தலையெடுக்கவே இல்லை.

இரண்டாவது கதை ஆரிகன் மாநிலத்தில் நடந்தது. அங்கே வில்லாமெட் என்றொரு ஆறு. கொலம்பியா ஆற்றின் கிளை. அதில் ஓர் அருவியும் அருவி ஓரமாக மீன் ஏணியும் உண்டு. கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அவ்வளவு தூரமும் நீந்திக் கடல்சிங்கங்கள் வந்துவிட்டன. 2017-ல் குளிர்காலத்து ஸ்டீல்ஹெட் ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் அருவியைத் தாண்டியது. வந்ததில் நாலில் ஒரு பங்கு கடல்சிங்கத்தின் வயிற்றுக்குப் போனது என்று மாநில மீன்துறை கணக்கிட்டது. இப்படியே விட்டால் இந்த மீன் அழிந்தே போகலாம் என்றும் எச்சரித்தது.

அங்கேயும் முதலில் சிலவற்றைப் பிடித்துக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாட்களிலேயே திரும்பி வந்துவிட்டன. ஆனால் இந்தத் தடவை அதிகாரிகள் கையில் நல்ல கணக்கு இருந்தது. தினமும் ஆள் வைத்து, எது வருகிறது, எத்தனை மீன் தின்கிறது என்று எழுதி வைத்திருந்தார்கள். நாம் மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி, பல கடல்சிங்கங்களுக்கு எண் பொறித்திருந்தார்கள். அந்தக் கணக்கைக் காட்டி 2018 நவம்பரில் அனுமதி வாங்கினார்கள். வருஷத்துக்கு 93 வரை அப்புறப்படுத்தலாம் என்று அனுமதி. ஆனால் அந்தப் பருவத்தில் அப்புறப்படுத்தியது 33 மட்டுமே. பிடித்தவற்றை மருந்து கொடுத்து வலியில்லாமல் கொன்றார்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. செய்தவர்களும் சந்தோஷமாகச் செய்யவில்லை. ஆனால் மீன் ஏறத் தொடங்கியது. 2020-ல் ஐயாயிரத்துக்கு மேல் அருவியைத் தாண்டின.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லட்சக்கணக்கில் உள்ள கடல்சிங்கத்தில் போனது 33. பிழைத்தது ஒரு மீன் வம்சம். இனத்தைப் பாதுகாப்பது வேறு, ஓர் இடத்தில் ருசி கண்டுவிட்ட ஒன்றிரண்டைச் சமாளிப்பது வேறு. இரண்டுக்கும் சட்டத்தில் இடம் வேண்டும்.

இதில் இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீன் குறைந்ததற்குக் கடல்சிங்கம் மட்டுமா காரணம்? இல்லை. ஒரு காலத்தில் கொலம்பியா ஆற்றுக்கு வருஷத்துக்கு ஒரு கோடிக்கும் மேல் சால்மன் வந்ததாக மதிப்பிடுகிறார்கள். அளவுக்கு மீறிப் பிடித்தது மனிதன். காட்டை வெட்டி ஆற்றைச் சேறாக்கியது மனிதன். அணை கட்டியதும் மனிதன்தான். 1942-ல் கட்டி முடித்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏணியே கிடையாது. அதற்கு மேலே உள்ள ஆறு முழுவதும் சால்மனுக்கு அடைந்துபோச்சு. இப்படி மீன் நலிந்து கிடந்த நேரத்தில்தான் கடல்சிங்கம் வந்து மிச்சத்தைத் தின்றது. கடல்சிங்கத்தை அகற்றினால் அவகாசம் கிடைக்கும். ஆற்றைச் சீர் செய்தால்தான் மீன் நிலைக்கும்.

சரி, நம்ம குளத்து நீர்நாய்க்கு வருவோம். நம்ம சட்டப்படி நீர்நாயை நாம் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. விஷம் வைப்பதும், வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் குற்றம். அந்த மின்சாரத்தில் நம்ம பிள்ளையே மாட்டி உயிரை விடலாம். ஆனால் செய்யக்கூடியது நிறைய உண்டு.

ஒன்று: நீர்நாய் ருசி காணும் முன்பே வேலி போடுங்கள். கம்பி வலையின் அடிப்பாகத்தை மண்ணுக்குள் இறக்கிப் புதையுங்கள். இல்லையென்றால் தோண்டிக்கொண்டு வந்துவிடும். மீன் குஞ்சு விடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இரண்டு: வளர்ந்த மீனைக் குளத்தில் குவித்து வைக்காதீர்கள். விற்பனை அளவுக்கு வந்ததை அவ்வப்போது பிடித்து விற்றுவிடுங்கள்.

மூன்று: ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த ராத்திரி வந்தது, கால் தடம் எங்கே, எத்தனை மீன் மிச்சம் கிடந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். அதோடு வனத்துறையில் எழுத்து மூலம் முறையிடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். வில்லாமெட் ஆற்று மீனைக் காப்பாற்றியதும் இந்த நோட்டுக் கணக்குதான்.

அடுத்த குளத்துக்காரர் வீட்டு வாசலில் நீர்நாய் வந்து நிற்கும்போது நாம் வேடிக்கை பார்க்க வேண்டாம். நாளைக்கு அது நம்ம குளத்துக்கும் வழி கண்டுபிடிக்கும். இன்றைக்கே சேர்ந்து வேலி போடுவோம்.