ஐந்தாவது காற்பங்கு

உரோமாபுரியில் தைபர் நதியோரமாக அமைந்த தெஸ்தாச்சோ, தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த பகுதி. 1888ஆம் ஆண்டுக்கும் 1891ஆம் ஆண்டுக்கும் இடையில் அங்கே பெரியதொரு கொல்களம் எழுந்தது. நல்ல இறைச்சி செல்வர் இல்லங்களுக்குச் சென்றது. குடல், வால் முதலிய எச்சங்களோ தொழிலாளர்க்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தன. உரோமர் இவற்றை ‘ஐந்தாவது காற்பங்கு’ என்பர். முழுமைக்கு நான்கு காற்பங்குகளே உண்டு; ஐந்தாவது ஏழையின் கணக்கு!

அப்பங்கைச் சுவையாக்கியவை, திராத்தோரியா எனப்படும் அயற்புற உணவுச்சாலைகள். பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும். மேசைமேல் காகித விரிப்பு, குடுவையில் சாதாரண மது. பட்டியலும் நீளமன்று. வியாழனன்று உருளைக்கிழங்கு மாவுருண்டை, வெள்ளியன்று மீன், சனியன்று மாட்டிரைப்பை என்பது பழைய முறை. வெள்ளிக்கிழமை மீன், கத்தோலிக்கரின் புலால் விலக்கினால் வந்தது. முதல்நாள் உருண்டை வயிற்றை நன்கு நிரப்பிவைக்கும்!

மாட்டுவாலைத் தக்காளியோடும் செலரித் தண்டோடும் பல மணிநேரம் இளந்தீயில் வேகவிடுவர். இறுகிய தசை மெல்ல இளகி, எலும்பினின்றும் தானே கழன்றுவிடும். விலையுயர்ந்த சரக்கு எதுவும் அதில் இல்லை; செலவாவது நேரமே.

1975இல் கொல்களம் மூடப்பட்டது. அதன் கட்டடங்களுக்குப் பின்னர் கலைக்காட்சிகளும் கட்டடக்கலை மாணவரும் வந்து சேர்ந்தனர். தெஸ்தாச்சோவும் நாகரிகர் நாடும் இடமாயிற்று. ஒருகாலத்தில் கூலியாக வீட்டுக்குச் சென்ற வாலை உண்பதற்கு, இன்று வெளிநாட்டார் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைத்து வருகின்றனர். காகித விரிப்பு சில சாலைகளில் இன்னும் இருக்கிறது. விலைதான் பழைய விலையன்று.