ரெண்டு மாசம் லேப்ல இருந்தா என்ன கிடைக்கும்?

இந்த வாரம் வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, நான் கெமிக்கல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். கெமிஸ்ட்ரி லேப்ல சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. வீட்ல கோடிங் கோர்ஸ்ல சேரச் சொல்றாங்க. எதுக்குப் போகட்டும்?"

நானும் கெமிக்கல் படிச்சிட்டு ஐ.டி.க்கு வந்தவன்தான். மூணாவது வருஷ லீவுல ரெண்டு மாசம் ஒரு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப்ல இருந்தேன். அங்க என்ன நடக்கும்னு சொல்றேன், முடிவு நீங்க எடுங்க.

முதல் வாரம் பெரும்பாலும் குடுவை கழுவுறதுதான். அப்புறம் டி.எல்.சி. சிலிக்கா பூசின சின்னத் தகடுல, அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேல பென்சில்ல ஒரு கோடு. பேனா கூடாது, இங்க் கரைஞ்சு மேல ஏறிடும். கோட்டுல சாம்பிளைப் புள்ளியா வெச்சு, கரைப்பான்ல நிறுத்தணும். பிறகு 254 நானோமீட்டர் யு.வி. விளக்குல பார்த்தா, பச்சையா ஒளிர்ற தகட்டுல கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஆரம்பப் பொருளோட புள்ளி இன்னும் இருந்தா, ரியாக்‌ஷன் முடியலைன்னு அர்த்தம்.

எனக்குக் கொடுத்தது சுசுகி கப்ளிங். பல்லேடியம் உதவியோட ரெண்டு கார்பனை இணைக்கிற முறை. இதுக்காகத்தான் அகிரா சுசுகிக்கு 2010-ல் நோபல் பரிசில் பங்கு கிடைச்சது. அதே ரியாக்‌ஷனை வேற வேற கரைப்பான்ல செஞ்சு பார்க்கணும். புரோகிராம்ல தப்பு இருந்தா கம்பைலர் உடனே திட்டிடும். இங்க ராத்திரி முழுக்கக் கலக்கவிட்டு, காலையில வந்து பார்த்தா அதே பழைய புள்ளி.

மொத்தம் 19 ரியாக்‌ஷன். உருப்படியா வந்தது 3. பேப்பர்ல என் பேர் வரல. ஆனா 19-ஐயும் அளவு, நேரம், வெப்பநிலையோட நோட்டுல எழுதியிருந்தேன். கிளம்புற அன்னிக்கு பிஹெச்.டி. அக்கா அதைப் பார்த்துட்டு, "இந்த ரெண்டு கரைப்பானை இனி நான் தொட வேண்டாம்"னாங்க. வராத ரியாக்‌ஷனுக்கும் அங்க மதிப்பு இருக்கு.

எனக்குக் கிடைச்சது வேற. பல வருஷம் இந்தப் புள்ளிக்காகக் காத்திருக்கிற ஆள் நான் இல்லைன்னு ரெண்டே மாசத்துல தெரிஞ்சுது. என்கூட இருந்த பையனுக்கு நேர்மாறா, லேப்பை விட்டு வர மனசே இல்லை. இதை எந்த கோர்ஸும் சொல்லாது.

அதனால தங்கச்சி, கோடிங்கை அடுத்த செமஸ்டர்லகூட ரூம்ல இருந்தே கத்துக்கலாம். லேப் கதவு வேலைக்குப் போனபிறகு சுலபமா திறக்காது. ஆனா சேர்றதுக்கு முன்னாடி மூணு கேளுங்க: தினமும் கூட நின்னு சொல்லிக்கொடுக்கறது யாரு? உதவித்தொகை இல்லைன்னா, ஹாஸ்டல் செலவை வீடு தாங்குமா? பாதுகாப்புக் கண்ணாடி, கிளவுஸ், ஃபியூம் ஹூட் ஒழுங்கா இருக்கா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை'ன்னு பதில் வந்தா, எவ்வளவு பெரிய இடமா இருந்தாலும் போகாதீங்க.

என்ன முடிவு பண்ணீங்கன்னு மறக்காம வாய்ஸ் மெசேஜ் போடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.