வண்டிக்கு மூன்று வருடம், உடம்புக்கு இரண்டா?

விழுப்புரம் நகரத்துப் பெரியோர்களே, கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளப் பல ஊர்களிலிருந்து கிளம்பி வந்திருக்கும் என் திருநங்கை அம்மாக்களே, அக்கா தங்கைகளே!

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். இந்த மைதானத்துக்கு வெளியே நிற்கிற உங்கள் மோட்டார் சைக்கிளை ஒருவன் திருடிக்கொண்டு போனால் சட்டம் அவனுக்கு 3 வருடம் வரை சிறை என்கிறது. வாரன்ட் இல்லாமலே போலீஸ் அவனைப் பிடிக்கலாம். இதே ஊரில் ஒரு திருநங்கையை நாலு பேர் இழுத்துக்கொண்டு போய்ச் சீரழித்தால்? நாடாளுமன்றம் 2019இல் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு என்ன எழுதியது தெரியுமா? குறைந்தது 6 மாதம், கூடிப்போனால் 2 வருடம். திட்டுவதற்கும் அதே தண்டனை, அடிப்பதற்கும் அதே, பாலியல் வன்கொடுமைக்கும் அதே. வேறொரு பெண்ணுக்கு ஒருவன் மட்டும் பாலியல் வன்கொடுமை செய்தாலே குறைந்தபட்ச தண்டனையே 10 வருடம்!

மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை என்பதால் இன்னொரு அநியாயமும் சேர்கிறது. அந்தப் பிரிவை மட்டும் வைத்து மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. ஜாமீன் அவன் உரிமை. பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் வைத்துவிட்டு யாரைப் பாதுகாத்திருக்கிறார்கள், சொல்லுங்கள். 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டம் வந்தபோது பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை அடியோடு எடுத்தார்கள். மனமொத்த இருவரைக் குற்றவாளியாக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் 2018லேயே ஒழித்துவிட்டது. மிச்சம் இருந்தது சம்மதமில்லாமல் நடக்கும் கொடுமையைத் தண்டிக்கிற பகுதி. அதையும் சேர்த்துத் தூக்கினார்கள். பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. திருநங்கையும் பெண்தான், பத்து வருடப் பிரிவைப் போடுங்கள் என்று எங்களைப் போன்ற வக்கீல்கள் வாதாடுகிறோம். அடிபட்டவள் கூண்டில் நின்று முதலில் தன்னைப் பெண் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கொலைக்கு எல்லோருக்கும் ஒரே பிரிவு. செத்த பிறகுதான் சமமா?

ஸ்டேஷனில் நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். இரவு பதினோரு மணி. புகார் கொடுக்க வந்தவளின் உதடு கிழிந்திருக்கிறது. ஜடையைக் கத்திரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். மிச்ச முடி ஒரு பக்கம் தோள்வரை, மறுபக்கம் காதோரம். அந்த முடியை வளர்க்க அவள் பிறந்த வீட்டில் எத்தனை அடி வாங்கியிருப்பாள்! எழுத்தர் பேனாவைத் திறக்கும் முன்னால் கேட்கிறார்: "ஒரிஜினல் பேர் என்ன?" அடுத்த கேள்வி: "அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?" பைக்கைப் பறிகொடுத்தவனிடம் ராத்திரியில் ஏன் பைக் ஓட்டினாய் என்று யாராவது கேட்டதுண்டா? கடைசியில் அவள் கையில் புகார் வாங்கியதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று நாங்கள் நின்றால், "மேடம், காலையில வாங்க." காலையில் போனால் அடித்த நாலு பேரில் ஒருவனுடைய மாமா அய்யாவோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

இது புதிய கதை இல்லை. 2006இல் சென்னை வியாசர்பாடியில் ஒரு திருநங்கை போலீஸ் கொடுமை தாங்காமல் தீக்குளித்துச் செத்தார். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2016 நவம்பரில் பாண்டி பஜார் காவல் நிலையத்தின் வாசலருகே இன்னொருவர் உடல் கருகிப் போய்ச் சேர்ந்தார். உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விடாமல் கேட்ட பிறகு, 2022இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்று சேர்ந்தது: இந்தச் சமூகத்தாரைப் போலீஸ்காரர் யாரும் துன்புறுத்தக் கூடாது. நல்ல விதி. அதை ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள் என்கிறேன்.

சரி, இத்தனை காலம் இவர்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள்? அரசாங்கமா காத்தது? பெற்றவர்களா? பதினைந்து வயதில் மாற்றுத் துணியில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நின்ற பிள்ளையைக் கூட்டிப் போய்ச் சோறு போட்டது இன்னொரு திருநங்கை. மகளே என்று அழைத்தது திருநங்கைகள் தங்களுக்குள் குடும்பமாகக் கூடி வாழும் ஜமாத். கடை கடையாகக் காசு கேட்கப் போனால் தனியாகப் போகாதே, யார் வண்டியில் ஏறினாலும் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடு, பத்து மணிக்குள் போன் வராவிட்டால் தேடி வருவோம். இதெல்லாம் அம்மாக்கள் போட்ட சட்டம். ஒருத்திக்கு அடி விழுந்தால் அரை மணி நேரத்தில் இருபது பேர் ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள். அதைத்தான் நம் ஊர்க்காரர்கள் "கும்பலா வந்து தகராறு பண்றாங்க" என்கிறார்கள். கும்பலாக வராவிட்டால் புகாரை வாங்குவீர்களா? ஜமாத்துக்குள்ளும் அபராதம் உண்டு, அடி உண்டு. அதை எதிர்த்து இளையவர்கள் உள்ளுக்குள் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையிலும் நான் அவர்கள் பக்கம்.

கோவில்பட்டிப் பக்கம் மந்தித்தோப்பில் என்ன செய்தார்கள் பாருங்கள். திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு முன்னின்று போராட, அன்றைய ஆட்சியர் துணை நிற்க, திருநங்கைகளுக்கு வீடு வந்தது, கறவை மாடு வந்தது, அவர்களுக்கென்றே ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சொந்த வாசற்படி இருப்பவளை நடுராத்திரியில் எவன் தெருவில் தள்ள முடியும்? இங்கே வீடு வைத்திருக்கிற பெரியவர்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். திருநங்கை என்றால் வீடு இல்லை என்கிறீர்கள், இல்லாவிட்டால் இரட்டை வாடகை. இருட்டில் அவளை அடிக்கிறவன் ரௌடி, சரி. அவளை இருட்டில் நிற்க வைத்தது யார்?

செத்தவர்களை உலகமும் நினைக்கிறது. பாஸ்டனில் கொல்லப்பட்ட ஒரு கறுப்பினத் திருநங்கைக்காக 1999இல் தொடங்கி, ஒவ்வொரு நவம்பர் 20ஆம் தேதியும் உலகமெங்கும் கொல்லப்பட்ட திருநர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். 2024இன் பட்டியலில் 350 பேர். வெளியே தெரிந்த கொலைகள் மட்டும். என் அக்கா தங்கைகளுக்கு இந்த வழக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாலி அறுத்து, அழுகளத்தில் அரவானுக்காக மாரடித்து அழும்போது, அந்த ஒப்பாரிக்குள் போன வருடம் கூட வந்து இந்த வருடம் வராதவளின் பெயரும் இருக்கிறது. பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2020இல் எழுதிய விதிகளில், மாவட்டந்தோறும் ஆட்சியர் பொறுப்பில் ஒரு திருநர் பாதுகாப்புப் பிரிவு வேண்டும், குற்றங்கள் உடனே பதிவாகின்றனவா என்று அது பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. அந்தப் பிரிவு நம் மாவட்டத்தில் எந்த அறையில் இருக்கிறது, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். ஒரு கையும் இல்லை! திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் அந்த அறையையும் அந்த எண்ணையும் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறோம். தண்டனையைச் சமமாக்கு என்று பிரதமருக்கு எழுதிய மனுவும் தயார். இரண்டும் மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கின்றன. திருநங்கைகள் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் வரிசையில் வாருங்கள், பேனா நான் தருகிறேன்.