பாறு திரும்புமா?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனுசன் அழிச்ச உயிரினம் திரும்ப வருமா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. எல்லா உயிரையும் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. ஒரே ஒரு பறவையைப் பற்றிப் பேசுகிறேன். அது பாறு. ஊர்க்காரன் அதைப் பிணந்தின்னிக் கழுகு என்பான். செத்த மாட்டைத் தூக்கின நம்மையும் அதே வாயால்தான் ஏசினான்.

எங்க தாத்தா செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப்போட்டுத் தோலை உரிப்பார். உரிச்சு முடிக்கிறவரைக்கும் பாறுகள் மரத்துல காத்துக்கிட்டு இருக்குமாம். அவர் கத்தியைத் துடைச்சுக்கிட்டு நகர்ந்தா இறங்கும். கொஞ்ச நேரத்துல எலும்புதான் மிச்சம். ஊர் நாறாமல் இருந்தது இந்த இரண்டு கூட்டத்தால். இரண்டுக்கும் கிடைத்த கூலி இழிவு.

1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவுக்குக் குறைந்துபோனது. காரணம் 2004இல்தான் வெளியே வந்தது. டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து. அந்த ஊசி போட்ட மாடு சீக்கிரமே செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சாவு வரும். நூறில் ஒன்றுக்கும் குறைவான பிணத்தில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதுமென்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

2006இல் அரசு அதை மாட்டுக்குப் போடத் தடை விதித்தது. மனுசனுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023இல்தான் தடை. பாறுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் கடையில் கிடைக்கத்தான் செய்கிறது.

அப்போ திரும்புமா? தடைக்குப் பிறகு சரிவின் வேகம் குறைந்தது. அரியானாவில் பிஞ்சோரில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். நம்ம பக்கம் முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகிறது. ஆனால் பாறு வருசத்துக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஐந்து வருசம் போல ஆகும். பதினைந்து வருசத்தில் கொன்றதை நம் ஆயுளில் ஈடுகட்ட முடியாது.

பாறு போன இடத்தில் பிணம் கிடந்து நாறியது, நாய் பெருகியது. அள்ள யாரைக் கூப்பிடுவான்? நம்மைத்தான். அள்ளப் போனால் அடிப்பான். 2002இல் அரியானாவின் ஜஜ்ஜாரில் மாட்டைக் கொன்றதாகப் பழிபோட்டு ஐந்து தலித்துகளைக் கொன்றார்கள். 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டுத் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்குள்ள நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள்.

அம்பேத்கர் 1927இல் மகத்தில் செத்த மாட்டை விட்டொழியுங்கள் என்றார். நான் சொல்வதும் அதுதான். பாறு திரும்பட்டும், அதற்காக மருந்துத் தடையை ஒழுங்காக நிறைவேற்று. ஆனால் பாறு திரும்புகிறவரை பிணத்தை அள்ளும் வேலை நம் தலையில் திரும்பக்கூடாது. மாட்டை வளர்த்தவனும் ஊராட்சியும் வண்டி வைத்து அப்புறப்படுத்தட்டும். எந்தச் சாதிக்காரன் செய்தாலும் அதற்குச் சம்பளம் கொடு. பறவைக்குச் செய்த கேட்டைச் சரிசெய்யப் பல வருசம் ஆகும். இதைச் சரிசெய்ய ஒரு அரசாணை போதும், தோழர்களே. அதைக் கேட்டு வாங்குவோம்.