முதலில் கோப்பு, பிறகு கணினி



இது ஒரு நூலகரின் நினைவாக இந்தக் கல்லூரியில் அமைந்த சொற்பொழிவு. பழைய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் காப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்த ஒருவரை நினைக்கும் நாளில், கணினிக் கோப்புகளைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நினைத்தேன். இன்று ஓர் ஆணையோ அறிக்கையோ ஆய்வேடோ, எதுவும் முதலில் கணினியில் கோப்பாகத்தான் உருவாகிறது. தாளில் இருப்பது அதன் நகல்.

தனியுடைமை மென்பொருளை விட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற விரும்பும் நிறுவனங்கள் வழக்கமாக இயங்குதளத்தில் தொடங்குகின்றன. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை நிறுவுவதுதான் மாற்றம் என்று எண்ணுகின்றன. கோப்பு வடிவத்தில் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது என்பது அலுவலகத்தின் விஷயம். எந்த வடிவத்தில் சேமிப்பது என்பது அந்த ஆவணத்தைப் பின்னாளில் தேடி வரும் ஒவ்வொருவரின் விஷயம்.

இதன் அருமை தமிழருக்கு நன்றாகத் தெரிய வேண்டும். 1990-களில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். ஓர் எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறோர் எழுத்து இருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தரமாக ஏற்றது. யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் யூனிகோடும் டேஸ்16 என்ற குறியேற்றமும் தமிழ்நாடு அரசின் தரமாக ஆனது 2010-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சான அலுவலகக் கோப்புகள், அச்சகக் கோப்புகள், ஆய்வேடுகள் எத்தனையோ. எழுதியவர் தமிழர், படிப்பவர் தமிழர், மொழியும் தமிழ். இருந்தும் உரிய எழுத்துருவோ மாற்றியோ கையில் இல்லாமல் ஒரு வரியும் படிக்க முடியாது. வீட்டுப் பத்திரத்தை நம் பீரோவில் வைத்துவிட்டுச் சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைத்ததைப் போன்ற நிலை அது. எழுத்துக்கு நேர்ந்த இதே சிக்கல்தான் முழு ஆவணத்துக்கும் நேர்கிறது.

திறந்த ஆவண வடிவம் என்று நான் சொல்வது ஓடிஎஃப். அதன் வேர் ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் செய்த ஸ்டார்ஆபிஸ். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, அடுத்த ஆண்டு அதன் மூலநிரலை ஓபன்ஆபிஸ் என்ற பெயரில் பொதுவில் வைத்தது. 2010-இல் அதிலிருந்து பிரிந்து வந்ததே இன்றைய லிப்ரெஆபிஸ். ஓடிஎஃப் 2005 மே மாதம் ஒயாசிஸ் அமைப்பின் தரமாகவும், 2006-இல் ஐஎஸ்ஓ 26300 என்ற உலகத் தரமாகவும் ஆனது.

மாணவர்கள் இன்று இரவே ஒன்று செய்து பார்க்கலாம். லிப்ரெஆபிஸில் சேமித்த கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள ‘ஓடிடி’யை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பல சிறு கோப்புகள் இருக்கும். ஒன்றில் உங்கள் வாக்கியங்கள், இன்னொன்றில் அவற்றின் அலங்காரம். வாக்கியங்கள் இருக்கும் கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்தாலே தமிழ் கண்ணுக்குத் தெரியும். லிப்ரெஆபிஸ் என்ற மென்பொருளே நாளை இல்லாமல் போனாலும், தரநூலைப் படித்து ஒரு நிரலர் அந்தக் கோப்பை மீட்டுவிடலாம். பழைய ‘டாக்’ கோப்பின் உள்ளமைப்பு விவரத்தை மைக்ரோசாப்ட் எவரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி வெளியிட்டது 2008 பிப்ரவரியில்தான். அதற்குள் உலகத்தின் அலுவலகங்கள் பல ஆண்டுகளாக அந்த வடிவத்தில் எழுதிக் குவித்திருந்தன.

‘இப்போதைய டாக்எக்ஸ் வடிவமும் ஐஎஸ்ஓ தரம்தானே’ என்ற கேள்வி எழும். ஆம், அது ஐஎஸ்ஓ 29500. ஏறத்தாழ 6,000 பக்க வரைவாக முன்வைக்கப்பட்டு, 2007-இல் முதல் வாக்கெடுப்பில் தோற்று, 2008-இல் ஏற்கப்பட்டது. இந்தியா இரு முறையும் எதிர்த்தது; பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா நாடுகளைப் போல மேல்முறையீடும் செய்தது. அந்த முறையீடுகள் தள்ளப்பட்டன. அந்தத் தரத்துக்குள்ளேயே கறாரான வகை ஒன்றும், பழைய வழக்கங்களுக்கு இடம் கொடுக்கும் இடைக்கால வகை ஒன்றும் உண்டு. ஊழியர் சாதாரணமாகச் சேமிக்கும்போது உருவாவது இடைக்கால வகை. ஐஎஸ்ஓ என்ற முத்திரையோடு நின்றுவிடாமல், எந்த வகை என்றும் நாம் கேட்க வேண்டும்.

இனி, மாறிப் பார்த்தவர்களின் அனுபவம். முதலில் மாசசூசெட்ஸ். 2005 செப்டம்பரில் அந்த அமெரிக்க மாநிலம், 2007 ஜனவரி 1 முதல் நிர்வாகத் துறை ஆவணங்கள் ஓடிஎஃப் போன்ற திறந்த வடிவங்களில் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. நிதி, நிர்வாகச் செயலர் எரிக் கிரிஸும் தகவல் தொழில்நுட்பத் தலைவர் பீட்டர் குவினும் இதன் பின்னால் நின்றார்கள். எதிர்ப்பு கடுமையாக வந்தது. குவினின் பயணங்களைப் பற்றிச் செய்தித்தாளில் ஐயம் கிளப்பப்பட்டது. விசாரணையில் தவறில்லை என்று தெரிந்தும் அவர் பதவியை விட்டு விலகினார். 2007-இல் மைக்ரோசாப்டின் புதிய வடிவமும் அனுமதிப் பட்டியலில் சேர்ந்தது.

எதிர்த்தவர்களில் ஒரு சாரார் சொன்னது முழு நியாயம் என்றே கருதுகிறேன். பார்வையற்ற ஊழியர்களின் திரைவாசிப்பு மென்பொருள்கள் மைக்ரோசாப்ட் ஆபிஸோடுதான் நன்றாக இயங்கின. ஓபன்ஆபிஸ் வந்தால் தங்கள் வேலையே போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்தக் குரலுக்கு உண்மையான பயன் விளைந்தது. ஒயாசிஸ் தனித் துணைக்குழு அமைத்தது. 2007 பிப்ரவரியில் வந்த ஓடிஎஃப் 1.1 மாற்றுத்திறனாளிகளுக்கான திருத்தங்களோடு வந்தது. மாநிலமும், ஊழியர்கள் பழகிய மென்பொருளை வைத்துக்கொண்டே செருகுநிரல் வழியாக ஓடிஎஃபில் சேமிக்கும் திட்டத்துக்கு வந்தது. மென்பொருள் அப்படியே இருக்க, கோப்பு மட்டும் மாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இயங்குதளத்தைக் கடைசியாக மாற்றுவதைப் பிரான்சின் ஜாந்தார்மெரி என்ற காவல் படை சத்தமில்லாமல் செய்து காட்டியது. 2005-இல் ஓபன்ஆபிஸ், 2006-இல் ஃபயர்பாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சலும், எல்லாம் விண்டோஸின் மேலேயே. கைகள் பழகிய பிறகு, 2008 முதல் உபுண்டு என்ற லினக்ஸ். திரையில் நாள்தோறும் பார்க்கும் மென்பொருள்கள் அவையே என்பதால், அடியில் இருந்த இயங்குதளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியின் கதை நீளமானது. அதை வெறும் தோல்வி என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. விண்டோஸ் என்டி 4-க்கு ஆதரவு முடியப்போகிறது என்ற நிலையில், 2003 மே மாதம் நகர்மன்றம் சுமார் 14,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. அதைத் தடுக்க முன்னதாகவே மைக்ரோசாப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் விடுமுறையின் நடுவே வந்து மேயர் கிறிஸ்டியன் உடேயைச் சந்தித்தார். வேலை தொடங்கியதும் உண்மையான சுமை வெளிப்பட்டது. நகராட்சியில் இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கணினிப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு துறையிலும் கடிதத் தலைப்பு, படிவம், மேக்ரோ என்று யாரோ எப்போதோ எழுதி வைத்தவை ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றைக் கையாள நகராட்சியே வோல்மக்ஸ் என்ற கருவியை எழுதி, அதையும் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின.

2017-இல் புதிய மேயர் காலத்தில் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானமானது. வெளி அலுவலகங்களோடு கோப்புப் பரிமாறும்போது வடிவம் குலைகிறது என்ற ஊழியர் குறை உண்மையானது. சுற்றிலும் எல்லோரும் மூடிய வடிவத்தில் எழுத, ஒரு நகரம் மட்டும் திறந்த வடிவத்தில் எழுதினால் அப்படித்தான் ஆகும். ஆனால் சிதறிக்கிடந்த கணினி நிர்வாகம்தான் பெரும்பாலான தாமதங்களுக்குக் காரணம் என்பது நகராட்சி வரவழைத்த ஆலோசனை அறிக்கையிலேயே வெளிப்பட்டது. அந்தக் குறை எந்த இயங்குதளம் வந்தாலும் தீராது. 2020-இல் வந்த புதிய கூட்டணி, பொதுப் பணத்தில் எழுதும் நிரல் பொதுவில் இருக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. 2024-இல் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் 30,000 கணினிகளுக்கான மாற்றத்தை அறிவித்தபோது லிப்ரெஆபிஸில்தான் தொடங்கியது.

நம் பக்கத்திலும் முயற்சிகள் உண்டு. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் லினக்ஸுக்கும் ஓபன்ஆபிஸுக்கும் மாறியது. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் வேரூன்றி நிற்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பாடநூலையும் அதை ஒட்டியே எழுதியதால் நின்றது. திறந்த தரங்களுக்கான கொள்கையை நடுவண் அரசு 2010-லேயே வெளியிட்டுவிட்டது. கொள்கை மேசைக்கு வரும்போது, ‘அந்தப் படிவம் இதில் திறக்குமா’ என்று கேட்கும் உதவியாளருக்கு யார் பதில் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தைச் சரிசெய்து தரும் ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்காத திட்டம் நிற்காது. உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தை முதலில் இதற்குச் செலவிட வேண்டும்.

இந்தக் கல்லூரியிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். வரும் கல்வியாண்டு முதல் ஆய்வேடுகளை யூனிகோடில், ஓடிஎஃப் கோப்பாகவும், நெடுங்காலப் பாதுகாப்புக்கென ஐஎஸ்ஓ வகுத்த பிடிஎஃப்-ஏ கோப்பாகவும் பெற்றுக்கொள்ளுங்கள். மாணவர் எந்த மென்பொருளில் எழுதினார் என்று கேட்க வேண்டாம். அடுத்தது, நூலகத்திலும் துறைகளிலும் பழைய எழுத்துருக்களில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பணியை இப்போதே தொடங்குங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் அவற்றைத் தட்டச்சு செய்த ஊழியர்கள். அவர்கள் பணியில் இருக்கும்போதே பட்டியலையாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.