நாலு வாரமாகியும் நிற்காத இருமல்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் குழந்தை இருமினால் யாரும் பதறுவதில்லை. "குளிருக்குத்தான், வெயில் வந்தா சரியாப் போயிடும்" என்பார் பாட்டி. பெரும்பாலும் அது பலித்தும் விடும். சாதாரணச் சளி இருமல் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். நாலு வாரம் தாண்டியும் நிற்காததைத்தான் மருத்துவர்கள் நாள்பட்ட இருமல் என்கிறார்கள். அதைக் குளிரின் தலையில் கட்டிவிடக் கூடாது.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் கூலி போய்விடும். அதனால் கடையில் ஒரு சிரப் வாங்குகிறார்; தீர்ந்தால் இன்னொன்று. அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குள் இருமல் மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தையும் குழந்தையின் வாயில் விடாதீர்கள். உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

டாக்டரிடம் போனதும் மருந்து கேட்காமல், "எதனால இருமுது?" என்று கேளுங்கள். அதற்கான விடையில் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

எப்போது தொடங்கியது? கடலையோ கேரட் துண்டோ தின்னும்போது திடீரெனப் புரையேறி, அன்றிலிருந்து இருமுகிறதா? அது மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். நீங்கள் சொன்னால்தான் டாக்டர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

விடாமல் இருமி, முடிவில் 'ஊப்' என்று மூச்சிழுத்து வாந்தி எடுக்கிறதா? கக்குவானாக இருக்கலாம். 1907-லிருந்து குன்னூரில் இருக்கும் பாஸ்டர் நிலையம் பல ஆண்டுகள் நாடெங்கும் அனுப்பிய முத்தடுப்பூசி இந்த நோய்க்கும் சேர்த்துத்தான். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இரவிலும் விடியற்காலையிலும் வறட்டு இருமலா? ஓடினால், விறகுப் புகை பட்டால் கூடுகிறதா? ஆஸ்துமாவாக இருக்கலாம். 'வீசிங்' என்ற பேச்சைக் கேட்டதுமே டாக்டரை மாற்றிவிடுகிறார்கள் சிலர். இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஊதிப் பார்க்கும் சோதனை சின்னக் குழந்தைக்குச் சரிப்படாது. பஃப் மருந்தைச் சில வாரம் கொடுத்து, குறைகிறதா, நிறுத்தினால் திரும்புகிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வர முடியும். அதே டாக்டரிடம் திரும்பிப் போவதும் பரிசோதனையில் ஒரு பகுதி. டாக்டரை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொரு கேள்வி, பலர் சொல்லத் தயங்குவது: வீட்டில் வேறு யாராவது இருமுகிறார்களா? குழந்தைக்குக் காசநோய் பெரும்பாலும் நெருங்கிப் பழகும் பெரியவர்களிடமிருந்துதான் வருகிறது. காய்ச்சல், எடை கூடாமை, சோர்வு இவற்றோடு இரண்டு வாரம் இருமினாலே சோதிக்க வேண்டும். சளியைத் துப்பத் தெரியாத வயது என்பதால் குழந்தை அதை விழுங்கிவிடும். ஆகவே அதிகாலையில், வெறும் வயிற்றில், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். பார்க்கும் தாய்க்குக் கண் கலங்கும். அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். மருந்து பொதுவாக ஆறு மாதம். இருமல் நின்றுவிட்டாலும் நடுவில் விடக் கூடாது.

குழந்தைக்குக் காசநோய் உறுதியானால் வீட்டில் எல்லோரையும் சோதிப்பார்கள். ரொம்ப நாளாக இருமிக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கும் அப்போதுதான் சிகிச்சை தொடங்கும். நோயில்லாத சின்னக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள்.